ஆன்டிபயாடிக் கைவிட்ட இடத்தில் வைரஸ்: மரபணு மாற்றிய ஃபேஜ் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். ஐ.சி.யூ. நோயாளியின் கிருமியை வளர்த்துச் சோதித்துத் தரும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் சில நாட்கள் ஒரு பட்டியல் வரும்: இடது பக்கம் இருபது மருந்தின் பெயர், வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று அர்த்தம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும், "வைரஸை வைத்து பாக்டீரியாவைக் கொல்கிறார்களாமே, யூடியூபில் பார்த்தோம், நிஜமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று முழுதாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஃபேஜ் என்றால் என்ன?

பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். முழுப்பெயர் பாக்டீரியோஃபேஜ். ஒரு புரதத் தலை, அதற்குள் சுருட்டி அடைத்த டி.என்.ஏ., பெரும்பாலானவற்றுக்கு ஒரு வால், வாலின் நுனியில் மெல்லிய இழைகள். அந்த இழைகள் பாக்டீரியாவின் மேல்தோலில் தனக்குத் தோதான ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும், டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும். அப்புறம் அந்த பாக்டீரியாவின் சொந்த இயந்திரங்களே ஃபேஜ் குட்டிகளைச் செய்ய ஆரம்பித்துவிடும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற ஃபேஜுக்கு உடம்புச் சூட்டில் இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பாக்டீரியா வெடிக்கும், நூறு இருநூறு குட்டிகள் வெளியே வரும், அடுத்ததைத் தேடிப் போகும்.

டி4 இருக்கும் அளவுக்கு, ஒரு மில்லிமீட்டர் இடத்தில் சுமார் ஐயாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். சாக்கடை, குளம், மண், நம் குடல் என்று பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் ஃபேஜும் இருக்கும்.

லேபில் இதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம். பாக்டீரியாவையும் ஃபேஜையும் இளஞ்சூடான மென்மையான அகார் என்ற ஜெல்லியில் கலந்து தட்டில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால், காலையில் தட்டு முழுவதும் பாக்டீரியா வெளிறிப் படர்ந்திருக்கும், நடுநடுவே தெளிவான சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும், மாவு தூவிய தரையில் நாலு மழைத்துளி விழுந்த மாதிரி. ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு ஃபேஜ் தொடங்கி வைத்த கொலை. வட்டத்தை எண்ணினால் திரவத்தில் எத்தனை ஃபேஜ் இருந்தது என்ற கணக்கு வந்துவிடும். வட்டம் தெளிவாக இருக்கிறதா கலங்கலாக இருக்கிறதா என்பதும் முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன், மரபணு மாற்றத்தின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமா?

ஆமாம். 2019இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஏதோ ஒரு விதத்தில் தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் 49.5 லட்சம்.

இது நமக்குத் தூரத்துச் செய்தியும் இல்லை. என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகள் அதில் இருந்தன. கடைசி ஆயுதம் என்று நாம் வைத்திருந்த கார்பாபெனம் வகை மருந்துகளையே உடைத்துப்போடும் நொதியை அந்த மரபணு உண்டாக்குகிறது. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இந்த மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க 'சென்னை பிரகடனம்' வெளியிட்டன. 2014இல் மூன்றாம் தலைமுறை ஆன்டிபயாடிக்குகள் பலவற்றை எச்1 பட்டியலில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் தெருமுனை மெடிக்கலில் அது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இயற்கையில் இருக்கும் ஃபேஜையே பிடித்துக் கொடுத்தால் போதாதா? எதற்கு மரபணுவை மாற்ற வேண்டும்?

முடிந்த இடத்தில் அதைத்தான் செய்கிறார்கள். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பேராசிரியர் டாம் பேட்டர்சன் 2015 நவம்பரில் எகிப்துக்குப் போன இடத்தில், எதற்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று பிடித்துக் கோமாவுக்குப் போய்விட்டார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி, தொற்றுநோய்ப் பரவல் ஆய்வாளர். அவரே உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதிக் கேட்டு, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக லேப் ஒன்றும் அமெரிக்கக் கடற்படை லேபும் தேடித் தந்த ஃபேஜ்களை 2016 மார்ச்சில் கணவருக்குக் கொடுக்க வைத்தார். அவர் பிழைத்தார். அந்த ஃபேஜ்களில் யாரும் மரபணுவைத் தொடவில்லை.

ஆனால் எல்லாக் கிருமிக்கும் அப்படி அமைவதில்லை. ஃபேஜ்களில் இரண்டு குணம் உண்டு. ஒரு வகை உள்ளே போனால் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். இன்னொரு வகை உள்ளே போய், தன் டி.என்.ஏ.வை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு கோர்த்துவிட்டுப் பேசாமல் தூங்கிவிடும். கிருமி பெருகப் பெருக இதுவும் கூடவே பிரதியாகும். தட்டில் கலங்கலான வட்டம் தெரிவது இதனால்தான்: வட்டத்துக்குள் சில பாக்டீரியாக்கள் ஃபேஜைச் சுமந்தபடி உயிரோடு இருக்கின்றன. போதாததற்கு, தூங்கும் ஃபேஜைச் சுமக்கும் பாக்டீரியாவை அதே வகை ஃபேஜ் மறுபடி தாக்கவும் முடியாது. மருந்தாகக் கொடுத்தால் பாதிக் கிருமிக்குப் பாதுகாப்புப் போட்டுவிட்டதாக ஆகும்.

சில கிருமிகளுக்குத் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி இந்தத் தூங்கும் வகைதான். அப்போதுதான் கத்தரியை எடுக்க வேண்டியிருக்கிறது.

மரபணு மாற்றிய ஃபேஜை மனிதருக்கு உண்மையிலேயே கொடுத்திருக்கிறார்களா?

கொடுத்திருக்கிறார்கள். முதல் நோயாளி லண்டனில் ஒரு 15 வயதுப் பெண். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் அவளுக்கு. நுரையீரலில் சளி கெட்டியாகிக் கிருமிகள் குடியேறும் நோய். அவளுக்குக் குடியேறியது மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ், காசநோய்க் கிருமியின் உறவுக்காரன், ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காததில் பேர்போனது. பல வருடம் மருந்து சாப்பிட்டும் போகவில்லை. 2017இல் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டு நுரையீரலையும் மாற்றினார்கள். மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும், கொடுத்தார்கள், கிருமி அதைப் பயன்படுத்திக்கொண்டது. நெஞ்சைத் திறந்து தைத்த இடம் ஆறவில்லை, கல்லீரலில் தொற்று, தோலில் ஆங்காங்கே கட்டிகள். ஆன்டிபயாடிக்கை நிறுத்த முடியவில்லை, கொடுத்தும் பலன் இல்லை.

அங்கிருந்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் குழுவுக்குக் கேட்டு எழுதினார்கள். ஹாட்ஃபுல் பல வருடங்களாகக் கல்லூரி மாணவர்களை வைத்து ஃபேஜ் சேகரித்து வந்தவர். முதலாம் ஆண்டு மாணவர்கள் ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்துவந்து அதில் ஃபேஜ் தேடி, கண்டுபிடித்தால் தாங்களே பெயர் வைக்கலாம், அதுதான் திட்டம். அப்படிச் சேர்ந்தது பத்தாயிரத்துக்கும் மேல். ஆனால் அவை பிடிபட்டது மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் என்ற சாதுவான, வேகமாக வளரும் கிருமியை வைத்து. அப்செஸஸைக் கொல்கிறதா என்று சோதித்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்தது ஒன்றே ஒன்று. அதன் பெயர் மட்டி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி 2010இல் அழுகிப்போன கத்தரிக்காயின் அடியிலிருந்து எடுத்தது.

ஒரே ஃபேஜைக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் தப்பித்துவிடும் என்பதால் இன்னும் இரண்டு தேவைப்பட்டது. ஜோயிஜே, பி.பி.எஸ். என்ற இரண்டும் கிருமிக்குள் போயின, ஆனால் தூங்கும் வகை. அவற்றைத் தூங்க வைப்பது அடக்கி என்ற ஒரு புரதம், அதைச் செய்வது ஒரே ஒரு மரபணு. ஜோயிஜேயில் 45ஆம் மரபணு, பி.பி.எஸ்.ஸில் 33ஆம் மரபணு. அதை வெட்டி எடுத்ததும் இரண்டும் தூக்கத்தை மறந்து கொல்ல மட்டும் தெரிந்த ஃபேஜ்களாகிவிட்டன. பி.பி.எஸ்.ஸுக்கு இன்னொரு படியும் தேவைப்பட்டது: அப்செஸஸை நன்றாகப் பிடிக்கக்கூடிய இயற்கை மாறுதல் கொண்ட ஒன்றை லேபில் தேடித் தேர்ந்தெடுத்தார்கள்.

2018 ஜூனில் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு ஃபேஜிலும் 100 கோடி, தினம் இரண்டு வேளை நரம்பு வழியாக. முதல் நாள் கொஞ்சம் வியர்த்தது, முகம் சிவந்தது, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள், சிகிச்சை வீட்டில் தொடர்ந்தது. ஆறு மாதத்தில் நெஞ்சுப் புண் ஆறியது, கல்லீரல் தேறியது, தோல் கட்டிகள் பெரும்பாலும் மறைந்தன. அவளைக் கவனித்த டாக்டர் ஹெலன் ஸ்பென்சரும் ஹாட்ஃபுல் குழுவும் சேர்ந்து 2019 மே மாதம் நேச்சர் மெடிசின் இதழில் இதை வெளியிட்டார்கள். கிருமி முழுசாக ஒழிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. கட்டுக்குள் வந்தது என்றுதான் சொன்னார்கள். ஒரே நோயாளி, கூடவே ஆன்டிபயாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே குணம் முழுக்க ஃபேஜால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் எழுதினார்கள்.

அதே மருத்துவமனையில் அதே கிருமியோடு இன்னொரு நோயாளியும் இருந்தார். அவருடைய கிருமிக்குப் பொருந்தும் ஃபேஜ் கிடைக்கவில்லை. அவர் இறந்துவிட்டார். இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் நோயாளியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை நிலவரம் புரியும்.

ஒரே ஒரு மரபணுவை எப்படி வெட்டி எடுக்கிறார்கள்?

ஃபேஜின் டி.என்.ஏ.வை எடுத்து, அதோடு தேவையான இடம் மட்டும் இல்லாதபடி செய்த ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டையும் சேர்த்து, மின்னதிர்ச்சி கொடுத்து ஸ்மெக்மாடிஸ் கிருமிக்குள் அனுப்புகிறார்கள். அந்தக் கிருமியில் டி.என்.ஏ.வைக் கோர்த்து மாற்றும் புரதங்களை முன்கூட்டியே நிறைய உண்டாக்கி வைத்திருப்பார்கள். ஃபேஜ் தன்னைப் பிரதி எடுக்கும்போது சில பிரதிகளில் பழைய துண்டுக்குப் பதில் புதியது உட்கார்ந்துவிடும். அப்புறம் தட்டில் ஊற்றி, ஒவ்வொரு வட்டத்தையும் குத்தி எடுத்து பி.சி.ஆர். செய்து, எதில் மரபணு போயிருக்கிறது என்று தேட வேண்டும். முதல் சுற்றில் ஒரே வட்டத்துக்குள் பழையதும் புதியதும் கலந்திருக்கும், மறுபடி தட்டு, மறுபடி பி.சி.ஆர். பொறுமை கேட்கும் வேலை. இந்த முறையை ஹாட்ஃபுல் குழுவே 2008இல் வெளியிட்டிருந்தது, அதனால்தான் அந்தப் பெண்ணின் விஷயத்தில் சில மாதங்களில் முடிக்க முடிந்தது.

வேறு என்னென்ன மாற்றம் செய்கிறார்கள்?

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது கிரிஸ்பர் ஏற்றிய ஃபேஜ்கள். கிரிஸ்பர் என்பது ஃபேஜிடமிருந்து தப்பிக்க பாக்டீரியா தனக்காக உருவாக்கிக்கொண்ட பாதுகாப்பு. அதையே ஃபேஜின் முதுகில் ஏற்றி, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையே குறிவைக்கும்படி மாற்றி அனுப்புகிறார்கள். காஸ்3 என்ற நொதி, குறித்த இடத்தில் பிடித்து டி.என்.ஏ.வை நெடுகக் கிழித்துக்கொண்டே போகும், ஒட்டித் தைத்துப் பிழைக்க வழி விடாது. ஃபேஜ் வழக்கம்போல் வெடிக்க வைப்பது ஒரு அடி, இது இன்னொரு அடி.

அமெரிக்காவின் லோகஸ் பயோசயின்சஸ் இதைச் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்குச் சோதிக்கிறது. ஈ.கோலைக்கு எதிரான ஃபேஜ் கலவை அது, இரண்டாம் கட்டச் சோதனையின் முதல் பகுதி 2024இல் வெளிவந்தது. பெண்களின் சிறுநீரில் ஈ.கோலை வேகமாகக் குறைந்தது, பாதுகாப்பில் பெரிய பிரச்சினை வரவில்லை. எண்ணிக்கை சின்னது, பெரிய ஒப்பீட்டுச் சோதனை முடியும்வரை மருந்து என்று சொல்லக்கூடாது. டென்மார்க்கின் ஸ்னிப்பர் பயோம், ரத்தப் புற்றுநோயாளிகளின் குடலிலிருந்து ஈ.கோலை ரத்தத்துக்குள் ஏறிவிடாமல் முன்கூட்டியே குறைக்க நாலு ஃபேஜ் கொண்ட கலவையைச் சோதிக்கிறது. கீமோ எடுக்கும் ஒருவருக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இது தவிர, வால் இழையின் நுனியை மட்டும் மாற்றி அடிக்கும் கிருமியின் வரம்பை விரிவாக்குவது ஒன்று, எம்.ஐ.டி.யில் டி7 ஃபேஜை வைத்து இதை நிறைய செய்திருக்கிறார்கள். கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து மேலே போர்த்திக்கொள்ளும் பிசுபிசுப்புப் படலத்தைக் கரைக்கும் நொதியை ஃபேஜிலேயே வைத்து அனுப்புவது இன்னொன்று. கதீட்டர், செயற்கை மூட்டு, இதய வால்வு ஆகியவற்றின் மேல் படியும் தொற்றுக்கு அது ரொம்பவும் தேவை, ஆனால் இன்னும் பெரும்பாலும் லேப் அளவில்தான் இருக்கிறது.

உடம்புக்குள் வைரஸை விடுவதா? கொரோனா மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. ஃபேஜின் வால் இழை ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு மனித செல்லில் இல்லை, உள்ளே போனாலும் நம் செல்லின் இயந்திரத்தை ஓட்டும் மொழி அதற்குத் தெரியாது. இப்போதும் உங்கள் குடலில் கோடானுகோடி ஃபேஜ்கள் இருக்கின்றன.

பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. தூங்கும் ஃபேஜ்கள் சில சமயம் நச்சு மரபணுக்களைச் சுமந்து வரும். காலரா கிருமியை ஆளைக் கொல்லும் கிருமியாக்கும் நச்சே ஒரு ஃபேஜ் கொண்டுவந்து கொடுத்தது, தொண்டை அடைப்பான் நச்சும் அப்படித்தான். ஆகவே எந்த ஃபேஜாக இருந்தாலும் முழு மரபணு வரிசையையும் படித்து, நச்சோ மருந்து எதிர்ப்பு மரபணுவோ இல்லை என்று உறுதி செய்யாமல் மனிதருக்குக் கொடுக்கக்கூடாது. இரண்டாவது, ஃபேஜை வளர்ப்பது பாக்டீரியாவில். அது வெடிக்கும்போது எண்டோடாக்சின் என்ற நச்சு போன்ற குப்பையும் சேர்ந்து வரும். சரியாகச் சுத்தம் செய்யாத திரவம் ரத்தத்தில் ஏறினால் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் நடக்கலாம். "ஃபேஜ் இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது" என்று யாராவது விற்றால் தூர விலகுங்கள்.

மாற்றிய ஃபேஜ் வெளியே பரவினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. தன் கிருமி இல்லாத இடத்தில் ஃபேஜால் பெருக முடியாது, தூங்கும் மரபணு போய்விட்டால் கிருமிக்குள் ஒளிந்து வாழும் வழியும் அடைபட்டுவிடும். இருந்தாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக எடைபோடத்தான் வேண்டும்.

பாக்டீரியா ஃபேஜுக்கும் பழகிவிடாதா?

பழகும். ஃபேஜ் ஒட்டும் மூலக்கூறை மாற்றிக்கொள்ளும், அல்லது அதையே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் கலவையாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தப்பித்தலுக்குக் கிருமி ஒரு விலை கொடுக்கிறது, அதை வைத்தே கிருமியை மடக்க முடியும். யேல் பல்கலைக்கழகத்தில் பென் சானும் பால் டர்னரும், கனெக்டிகட்டில் டாட்ஜ் பாண்ட் என்ற குளத்திலிருந்து ஓ.எம்.கே.ஓ.1 என்ற ஃபேஜைக் கண்டெடுத்தார்கள். அது சூடோமோனாஸ் கிருமியில் ஒட்டும் இடம், அந்தக் கிருமி ஆன்டிபயாடிக்கை வெளியே தள்ளப் பயன்படுத்தும் பம்ப். ஃபேஜிடமிருந்து தப்பிக்க வேண்டுமானால் பம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும், பம்ப் கெட்டால் பழைய ஆன்டிபயாடிக் மறுபடி வேலை செய்யும். நெஞ்சில் வைத்த செயற்கை ரத்தக்குழாயில் வருடக்கணக்கில் தொற்றோடு இருந்த ஒரு முதியவருக்கு 2016இல் இதை மருந்தோடு சேர்த்துச் செலுத்தினார்கள், தொற்று அடங்கியது. எந்த மாற்றமும் செய்யாத ஃபேஜ்தான். எந்த இடத்தில் ஒட்ட வைக்க வேண்டும் என்று யோசித்து ஃபேஜை வடிவமைக்கிறவர்களுக்கு இது பெரிய பாடம்.

நம் உடம்பே ஃபேஜை அழித்துவிடாதா?

சிலருக்கு அழித்துவிடுகிறது. அப்செஸஸ் நுரையீரல் தொற்று இருந்த 81 வயதுக்காரர் ஒருவருக்கு அதே மூன்று ஃபேஜையும் கொடுத்தார்கள். முதல் மாதம் கிருமி குறைந்தது, இரண்டாம் மாதத்துக்குள் அவர் உடம்பு எதிர்ப்புரதம் உண்டாக்கி ஃபேஜை முடக்கிவிட்டது. லண்டன் பெண்ணின் எதிர்ப்புச் சக்தி மருந்தால் அடங்கியிருந்தது, ஒருவேளை அது அவளுக்கு உதவியிருக்கலாம்.

ஹாட்ஃபுல் குழு 2022இல் வெளியிட்ட 20 பேர் கணக்கில் 11 பேருக்குப் பலன் தெரிந்தது. அந்த 20 பேரைத் தேர்ந்தெடுத்தது 200க்கும் மேற்பட்ட கோரிக்கைகளிலிருந்து. பெரும்பாலானவர்களின் கிருமிக்குப் பொருந்தும் ஃபேஜே அமையவில்லை. அப்செஸஸில் தட்டில் வழவழப்பாக வளரும் ரகம், சொரசொரப்பாக வளரும் ரகம் என்று இரண்டு உண்டு. வழவழப்பு ரகத்தை இந்த ஃபேஜ்களால் சரியாகக் கொல்ல முடிவதில்லை. மரபணு மாற்றம் இன்னும் தீர்க்காத முடிச்சு இது.

நூறு வருடமாகத் தெரிந்த விஷயமாமே? ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை?

1915இல் இங்கிலாந்தில் ட்வோர்ட்டும் 1917இல் பாரிஸில் டெரெல்லும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதற்கும் முன்பே 1896இல், ஆக்ராவில் வேலை பார்த்த எர்னஸ்ட் ஹான்கின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கங்கை, யமுனைத் தண்ணீர் காலரா கிருமியைக் கொல்கிறது, கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்று எழுதி வைத்தார். 1920களில் டெரெல் இந்தியாவுக்கே வந்து காலராவுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார்.

அப்புறம் பெனிசிலின் வந்தது. எந்தக் கிருமி என்று தெரியாமலே கொடுக்கலாம், மாதக்கணக்கில் கெடாது, மொத்தமாகத் தயாரிக்கலாம். மேற்கு நாடுகள் ஃபேஜை மறந்தன. ஜார்ஜியாவின் திபிலிசியில் கியோர்கி எலியாவா 1923இல் தொடங்கிய நிறுவனம் மட்டும் விடாமல் நடந்தது. எலியாவாவை 1937இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது, அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் சிகிச்சை கொடுக்கிறது.

திரும்பி வந்தபோதும் எல்லாம் வெற்றியாக இல்லை. ஐரோப்பாவில் தீக்காயப் புண்களில் சூடோமோனாஸுக்கு எதிராக நடந்த ஃபேகோபர்ன் சோதனையில், தயாரித்து வைத்த ஃபேஜ் நாளடைவில் செத்துப்போய், மில்லிக்குப் பத்து லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து முதல் நூறு மட்டுமே நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். மருந்தைச் செய்து, கெடாமல் வைத்து, உள்ளே இருக்கும் அளவை உறுதிப்படுத்தும் வேலையில்தான் அந்தச் சோதனை விழுந்தது.

பணமும் ஒரு காரணம். குளத்தில் கிடைக்கும் ஃபேஜுக்குக் காப்புரிமை வாங்குவது கஷ்டம், மாற்றிய ஃபேஜுக்கு வாங்கலாம். கம்பெனிகள் மரபணு மாற்றத்தின் பக்கம் வருவதில் அறிவியலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இதற்கும் உண்டு. நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன், முதலீடு இல்லாமல் பெரிய சோதனை நடக்காது. ஆனால் வந்தபின் விலை யார் கைக்கு எட்டும் என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.

அப்படியென்றால் கங்கைத் தண்ணீர் குடித்தால் போதுமா?

போதாது. எந்தக் கிருமிக்கான ஃபேஜ் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத, கூடவே நூறு வகைக் கிருமியும் கலந்த தண்ணீர் அது. தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஃபேஜ் வந்துவிட்டால் ஆன்டிபயாடிக்கை விட்டுவிடலாமா?

கூடாது. பெல்ஜியம் மையம் ஒன்று பல நாடுகளில் ஒருங்கிணைத்துச் சிகிச்சை கொடுத்த 100 நோயாளிகளின் கணக்கு 2024இல் வந்தது. சுமார் 77 சதவீதம் பேருக்கு உடல்நிலை தேறியது, 61 சதவீதம் பேரிடம் குறிவைத்த கிருமி ஒழிந்தது. ஆன்டிபயாடிக் சேர்க்காமல் ஃபேஜ் மட்டும் கொடுத்தவர்களிடம் கிருமி ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைவாக இருந்தது. ஃபேஜ் ஆன்டிபயாடிக்குக்குத் துணை, மாற்று கிடையாது. சளிக்கும் காய்ச்சலுக்கும் அசித்ரோமைசின் வாங்கிப் போடும் பழக்கத்தை இது வந்து சரிசெய்யப் போவதில்லை.

இந்தியாவில் கிடைக்குமா?

மனித சிகிச்சைக்கு என்று அனுமதி பெற்ற ஃபேஜ் மருந்து இங்கே சந்தையில் இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது, வேலூர் வி.ஐ.டி.யிலேயே ஃபேஜ் சிகிச்சைக்கென்று லேப் இருக்கிறது. மரபணு மாற்றிய ஃபேஜ் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதியோடு, மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வரும் அனுமதியும் வேண்டும். ஆன்லைனில் பாட்டிலில் விற்பதை நம்பி வாங்காதீர்கள். உங்கள் கிருமிக்கு அது பொருந்துமா என்று தட்டில் போட்டுப் பார்க்காத ஃபேஜ் வெறும் திரவம்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு எந்த மருந்துக்கும் அடங்காத தொற்று. இப்போது என்ன செய்யலாம்?

முதலில், தொற்றுநோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவர் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் 'ஆர்' என்று வந்தபிறகும், இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது, அளவை மாற்றி மெதுவாக ஏற்றுவது, சீழ் இருந்தால் வடிப்பது, தொற்று பிடித்த கதீட்டரையோ பிளேட்டையோ எடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. பல பேர் இதிலேயே பிழைக்கிறார்கள்.

இரண்டாவது, இதை நான் எல்லாரிடமும் சொல்வது: லேபில் வளர்த்த அந்தக் கிருமியைத் தூக்கிப் போடாமல் உறைநிலையில் பாதுகாக்கச் சொல்லி டாக்டர் மூலமாக எழுத்தில் கேளுங்கள். கல்ச்சர் தட்டுகளைச் சில நாட்களில் அழித்துவிடுவது எல்லா லேபிலும் வழக்கம். உலகில் எந்த ஃபேஜ் மையத்தைக் கேட்டாலும் முதலில் கேட்பது நோயாளியின் கிருமியைத்தான், அது இல்லாமல் ஒரு ஃபேஜையும் பொருத்திப் பார்க்க முடியாது. கிருமியின் முழுப் பெயர், எந்த மருந்துக்கு அது மசியும், மசியாது என்று காட்டும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட், இதுவரை கொடுத்த மருந்துகளின் பட்டியல், தேதியோடு ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, வெளிநாட்டு மையங்களுக்கு நீங்கள் எழுதுவதைவிட உங்கள் டாக்டர் எழுதினால்தான் வேலை நடக்கும். கலிஃபோர்னியா சான் டியாகோவில் 2018இல் தொடங்கிய ஐபாத் என்ற ஃபேஜ் சிகிச்சை மையம், திபிலிசியின் எலியாவா, பெல்ஜியத்தின் ராணி ஆஸ்ட்ரிட் ராணுவ மருத்துவமனை ஆகியவை இதில் அனுபவம் உள்ளவை. கிருமியை நாடு விட்டு நாடு அனுப்பவும் அனுமதி வேண்டும், பொருந்தும் ஃபேஜ் தேட வாரங்கள் ஆகும், கிடைக்காமலும் போகலாம். அதனால் எல்லா மருந்தும் தீர்ந்தபிறகு கடைசி நாளில் ஆரம்பிக்காமல், இரண்டாவது ரிப்போர்ட்டும் மோசமாக வந்த அன்றே டாக்டரிடம் பேச்சை எடுத்துவிடுங்கள்.